ஹார்னி கவுண்டியில் ஆள் குறைவு, ஆனால் நிலம் காலியில்லை

கேட்டவர் எழுதியது சுருக்கமாக இது: அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஹார்னி கவுண்டி என்று (நம் மாவட்டம் மாதிரி) ஒன்று இருக்கிறது, பரப்பு 26,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல், அதாவது தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு, ஆனால் மக்கள் 7,500 பேர்தான், இவ்வளவு நிலம் ஏன் காலியாகக் கிடக்கிறது, அங்கே இருப்பவர்கள் யார், இணையத்தில் ஏக்கர் கணக்கில் மலிவாக விற்கிறார்களே, வாங்கினால் விவசாயம் செய்ய முடியுமா? மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அது யாருக்கும் வேண்டாமல் விடப்பட்ட நிலமா? இல்லவே இல்லை. நூற்றைம்பது வருடமாக அந்த நிலத்துக்காக, சரியாகச் சொன்னால் அங்கே ஈரம் இருக்கிற கொஞ்ச இடத்துக்காக, ஆட்கள் மோதிக்கொண்டே இருக்கிறார்கள். சிலர் துரத்தப்பட்டார்கள், சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆள் குறைவு என்பது வேறு, நிலம் காலி என்பது வேறு.

நான் படித்தது நிலத்தடி நீரியல். கிழக்கு ஓரிகனில் கிணற்று மட்டம் அளப்பது, பழைய போர்வெல் பதிவுகளைத் தேடிப் படிப்பது என்று பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன், அதனால் தண்ணீர் பற்றி நான் சொல்வதை ஓரளவு நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். மாட்டுப் பண்ணைக்காரர்களின் வாழ்க்கை எனக்கு அவர்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்தது, வாழ்ந்து தெரிந்ததில்லை. பையூட் பழங்குடியினரின் வரலாற்றிலும் ஆவணங்களில் இருக்கும் பகுதியை மட்டும்தான் சொல்லப்போகிறேன். மிச்சத்தை அவர்கள் வாயால் கேட்பதுதான் முறை.

ஓரிகன் என்றதும் பலருக்கு நினைவு வரும் மழையும் பச்சைக் காடும் மேற்குப் பகுதிக்கு உரியவை. மாநிலத்துக்குள் வடக்கு தெற்காகக் கேஸ்கேட் மலைத்தொடர் நிற்கிறது. பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று அதன் மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிடுகிறது, கிழக்கே வந்து சேரும் காற்றில் மிச்சம் அதிகமில்லை. ஹார்னி அந்த மழை மறைவுப் பகுதியின் தென்கிழக்கில், நெவாடா எல்லைவரை பரந்து கிடக்கிறது. நிர்வாகத் தலைநகரான பர்ன்ஸ் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,260 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மழையும் பனியும் சேர்த்தே அங்கே வருடத்துக்கு 25 சென்டிமீட்டர் சொச்சம்தான். பாலை என்றதும் வெயிலை நினைக்காதீர்கள். குளிர்காலம் கடுமையானது, அதோடு கோடையிலும் சில இரவுகளில் உறைபனி விழும். என்ன பயிர் வரும் என்பதை இது ஒன்றே முடிவு செய்துவிடுகிறது: புல் வரும், குதிரைமசால் என்ற தீவனப் பயிர் வரும், வேறு பெரிதாக எதையும் நம்ப முடியாது. கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் சேஜ்பிரஷ் என்கிற சாம்பல் பச்சைப் புதர், மேட்டில் ஜூனிப்பர், வடக்கு எல்லைக்குப் போனால்தான் பைன் காடு.

தெற்கே ஸ்டீன்ஸ் மலை. கிட்டத்தட்ட 80 கிலோமீட்டர் நீளம், உச்சி 2,967 மீட்டர். நிலப் பிளவு ஒன்றின் ஓரமாக ஒரு பக்கம் மட்டும் தூக்கப்பட்ட பலகை போன்றது அது. மேற்கிலிருந்து போனால் மலை ஏறுகிறோம் என்பதே உறைக்காது, அவ்வளவு மெதுவான சரிவு. கிழக்கு விளிம்புக்கு வந்ததும் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் செங்குத்தாக இறங்கி, அடியில் ஆல்வர்ட் பாலைவனம் வெள்ளைத் தரையாக விரிந்திருக்கும். சுமார் 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருகிய எரிமலைக் குழம்பின் பாறை இது, பிற்பாடு பனியாறுகள் அதைக் குடைந்து கைகர் போன்ற பிரம்மாண்டமான பள்ளத்தாக்குகளை உண்டாக்கின. ஆல்வர்ட் தரை அவ்வளவு சமம் என்பதால் அதிவேக வண்டிகளை ஓட்டிப் பார்க்க அங்கே வருகிறார்கள். 1976இல் கிட்டி ஓ'நீல் மணிக்கு 512 மைல் வேகம் தொட்டது அங்கேதான், 2019இல் ஜெஸ்ஸி கோம்ப்ஸ் உயிரை விட்டதும் அங்கேதான். ஸ்டீன்ஸ் மலையின் அழகைப் பற்றி நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் முக்கியம் அதன் தலையில் ஜூன் வரைக்கும் தங்கி நிற்கும் பனி. கவுண்டியின் தென்பாதி பிழைப்பது அது உருகி வரும் தண்ணீரில்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதில்தான் இந்த ஊரின் தனித்தன்மை இருக்கிறது. வடக்குக் காடுகளிலிருந்து சில்வீஸ் ஆறு, ஸ்டீன்ஸ் மலையிலிருந்து டானர் உண்ட் பிளிட்சன் ஆறு, மேற்கிலிருந்து சில்வர் கிரீக் என்ற ஓடை, மூன்றும் ஹார்னி படுகைக்குள் இறங்குகின்றன. வெளியேறும் வழி இல்லை. ஒரு காலத்தில் கிழக்கே ஒரு இடைவெளி வழியாக ஸ்னேக் ஆற்றுக்குப் போய்க் கடல் சேர்ந்திருக்கிறது, எரிமலைக் குழம்பு அந்த வழியை அடைத்துவிட்டது. இப்போது மால்ஹ்யூர் ஏரியில் சேர்ந்து, அது நிறைந்தால் மட் ஏரி வழியாக ஹார்னி ஏரிக்குப் போய், அங்கே வெயிலில் ஆவியாகிறது. அதனால் மால்ஹ்யூர் பெரும்பாலும் நன்னீர், ஹார்னி ஏரி உப்பு. (பெயர் குழப்பும் என்பதால் ஒரு குறிப்பு: மால்ஹ்யூர் என்று பக்கத்தில் தனியாக ஒரு கவுண்டியும் இருக்கிறது, மால்ஹ்யூர் ஏரி இருப்பதோ ஹார்னி கவுண்டியில்.) ஏரி ஆழமில்லாதது, ஆகவே தண்ணீர் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கரை கிலோமீட்டர் கணக்கில் நகர்ந்துவிடும். 1930களின் வறட்சியில் ஏறத்தாழ வற்றியே போனது. 1980களின் நடுவில் பனி அதிகம் பெய்த வருடங்கள் அடுத்தடுத்து வந்தபோது மூன்று ஏரிகளும் ஒன்றாகி, பண்ணைகள் மூழ்கின, பர்ன்ஸுக்கு வந்த ரயில் பாதையும் தண்ணீருக்குள் போனது. 2025 வசந்தத்தில் சில்வீஸ் பெருகி பர்ன்ஸ் தெருக்களில் வெள்ளம் நின்றதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். வறண்ட நாடுதான், ஆனால் வருகிற தண்ணீர் சில வாரங்களில் மொத்தமாக வரும், மற்ற மாதங்களில் வராது.

வரைபடத்தில் வீடுகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஆற்றோரம், ஊற்றோரம், ஏரிக்கரை. நடுவே கிடக்கும் பெரும்பரப்பில் வீடே இருக்காது. இது இன்றைக்கு வந்த பழக்கமில்லை. கேட்லோ பள்ளத்தாக்கின் குகைகளில் 1930களில் தொல்லியலாளர் லூதர் கிரெஸ்மன் தோண்டியபோது சேஜ்பிரஷ் பட்டையில் முடைந்த செருப்புகள் கிடைத்தன, அந்த வகைச் செருப்புகளுக்கு வயது 9,000 ஆண்டுகளுக்கு மேல் என்று பின்னால் கார்பன் முறையில் உறுதியானது. இது சந்தேகமில்லாத விஷயம். ரைலி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ரிம்ராக் டிரா பாறைக்குடிலில் கிடைத்த ஒட்டக இனப் பல்லின் எனாமலுக்கு 18,000 ஆண்டுகளுக்கு மேல் வயது என்று 2023இல் அறிவித்தார்கள். அங்கே கல் கருவிகளும் கிடைத்திருக்கின்றன. பல்லின் வயது ஒரு அளவீடு. அந்தப் பல்லும் கருவியும் ஒரே காலத்தவை, ஆகவே அத்தனை ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் அங்கே இருந்தார்கள் என்பது ஒரு வாதம். வலுவான வாதம்தான், ஆனால் துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்டதாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வெள்ளையர் வந்தபோது அங்கே இருந்தவர்கள் வடக்குப் பையூட் மக்களில் வடாட்டிகா என்ற பிரிவினர். ஏரிக்கரையில் விளையும் வாடா என்ற சிறு விதையைச் சேகரித்து உண்டவர்கள் என்பதால் அந்தப் பெயர். வசந்தத்தில் மேட்டு நிலத்தில் கிழங்கு தோண்டுவது, பிறகு ஆற்றில் சால்மன் பிடிப்பது, இலையுதிர்காலத்தில் ஏரிக்கரைக்கு வந்து விதை சேர்ப்பது, முயல் வேட்டை என்று ஒரு பெரிய வட்டத்தில் வருடம் முழுக்க நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்காத நிலத்தில் அதுதான் சரியான குடியிருப்பு முறை. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது நிலம் சும்மா கிடப்பதாகத் தெரிந்தது. 1872இல் ஜனாதிபதி கிராண்ட் ஒரு ஆணை போட்டு, சுமார் 18 லட்சம் ஏக்கரில் மால்ஹ்யூர் ஒதுக்கீட்டு நிலத்தை அவர்களுக்கு உண்டாக்கினார். அதன் நல்ல புல்வெளிகளை மாட்டுக்காரர்கள் அரிக்கத் தொடங்கினார்கள், உணவுப் பங்கீடு தகராறானது, 1878இல் பக்கத்துப் பானக் பழங்குடியினரும் பையூட்களில் ஒரு பகுதியினரும் அமெரிக்கப் படையோடு மோதிய பானக் போர் வந்தது. போர் முடிந்ததும் 1879 ஜனவரியில், நடுக்குளிரில், சுமார் 500 பேரை, போரில் சேராதவர்களையும் சேர்த்து, பனியில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நடத்தி, இன்றைய வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் யாக்கமா ஒதுக்கீட்டுக்கு ஓட்டிச் சென்றார்கள். குழந்தைகளும் முதியவர்களும் வழியில் இறந்தார்கள். அவர்கள் போன பிறகு மால்ஹ்யூர் ஒதுக்கீட்டை ரத்து செய்து, நிலத்தைக் குடியேறிகளுக்குத் திறந்துவிட்டார்கள். நிலம் ஏன் காலியானது என்று கேட்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பண்ணைகளில் கூலிக்கு நின்றார்கள், பர்ன்ஸ் ஓரத்தில் கூடாரம் போட்டார்கள். 1928இல் அவர்களுக்குக் கிடைத்த பத்து ஏக்கர், ஊர் குப்பை கொட்டிவந்த இடம். 1930களில் ஊருக்கு வடக்கே 760 ஏக்கர் வாங்கித் தரப்பட்டது. 1968இல் மத்திய அரசின் அங்கீகாரம், 1972இல் முறையான ஒதுக்கீட்டு நிலம். பறித்த பெரும்பரப்புக்கு 1969இல் இழப்பீடு வந்தபோது 1890ஆம் ஆண்டு நில மதிப்பில்தான் கணக்குப் போட்டார்கள். இன்று பர்ன்ஸ் பையூட் இனத்தில் பதிவு செய்தவர்கள் நானூறு சொச்சம் பேர். தங்களுக்கென ஆட்சிமன்றம், போலீஸ், மீன்வள வேலை, தொல்லியல் பாதுகாப்பு எல்லாம் நடத்துகிறார்கள். கவுண்டியில் நிலம், நீர் பற்றிய எந்தப் பெரிய பேச்சுவார்த்தையிலும் அவர்கள் மேசையில் இருக்கிறார்கள்.

மாட்டுக்காரர்களில் பெரியவர் பீட்டர் ஃபிரெஞ்ச். 1872இல் ஹியூ க்ளென் என்ற கலிஃபோர்னியப் பெருநிலக்காரருக்காக ஆயிரத்துச் சொச்சம் மாடுகளை ஓட்டிக்கொண்டு பிளிட்சன் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார், கூட வந்தவர்கள் மெக்சிகோ வழி மாட்டுக்காரர்களான வகேரோக்கள். ஆற்றோரத்தையும் ஊற்றுகளையும் முதலில் கைப்பற்றுவதுதான் அவர் வழி; தண்ணீர் நம்முடையதானால் சுற்றியுள்ள வறண்ட நிலம் தானாக நம்முடையதாகும், வேறு யாரும் அங்கே மாடு வளர்க்க முடியாது. சதுப்பு நிலத்தை மலிவாக விற்க ஒரு சட்டம் இருந்தது, அதை வைத்து காய்ந்த தரையைக்கூடச் சதுப்பு என்று எழுதி வாங்கியவர்கள் அந்தக் காலத்தில் பலர். ஃபிரெஞ்ச்–க்ளென் நிறுவனம் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் சேர்த்தது. சிறு குடியேறிகளோடு வழக்கும் வேலித் தகராறும் ஓயவில்லை. 1897 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவர்களில் ஒருவர் ஃபிரெஞ்ச்சைச் சுட்டுக் கொன்றார், ஜூரிகள் அவரைக் குற்றவாளி இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஊர் யார் பக்கம் நின்றது என்பதை அந்தத் தீர்ப்பிலிருந்து நீங்களே ஊகிக்கலாம். குளிர்காலத்தில் குதிரை பழக்க அவர் கட்டிய வட்டக் கொட்டகை இன்னும் டயமண்ட் என்ற சிற்றூர்ப் பக்கம் நிற்கிறது, போனால் பாருங்கள். ஜூனிப்பர் மரத் தூண்களின் வேலைப்பாடு அபாரம்.

அதே காலத்தில் தொப்பிக்குச் செருகும் இறகுக்காக ஏரிக்கரை வெண்கொக்குகளை வேட்டைக்காரர்கள் ஒன்றுவிடாமல் சுட்டுத் தீர்த்தார்கள். வில்லியம் ஃபின்லியும் ஹெர்மன் போல்மனும் 1908இல் அங்கே எடுத்த படங்களின் பலனாக அதே வருடம் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஏரிப் பகுதியைப் பறவைகளுக்கென ஒதுக்கினார். 1935இல் ஃபிரெஞ்ச்சின் பழைய பண்ணையின் பெரும்பகுதியையும் அரசு வாங்கிச் சேர்த்தது. இன்று மால்ஹ்யூர் சரணாலயம் சுமார் 1,87,000 ஏக்கர். வசந்தத்தில் பசிபிக் வழித்தடத்தில் வடக்கே போகும் பறவைகளுக்கு அது நடுவழித் தங்கல். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: பர்ன்ஸைச் சுற்றி வெண்பனி வாத்துகள் கூட்டம் கூட்டமாக இறங்குவது பெரும்பாலும் தனியார் புல்வெளிகளில். பண்ணைக்காரர்கள் உருகிவரும் தண்ணீரை வயலில் பரவலாகத் தேக்கிப் பாய்ச்சும் பழைய முறையை விடாமல் வைத்திருப்பதால்தான் பறவைக்கு அந்த ஈரம் கிடைக்கிறது. மாட்டுக்காரரும் பறவைக்காரரும் எதிரிகள் என்ற கதையை நான் ஏற்காததற்கு இது முதல் காரணம்.

குடியேற யாரும் முயலவில்லை என்பதும் சரியில்லை. 1909இல் வந்த சட்டம் தலைக்கு 320 ஏக்கர் இலவசமாகத் தந்தது. ரயில் வரப்போகிறது, மானாவாரிக் கோதுமை விளையும் என்ற விளம்பரத்தை நம்பி நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கேட்லோ பள்ளத்தாக்கு போன்ற இடங்களில் குடிசை போட்டன. பள்ளிக்கூடம், தபால் நிலையம்கூட வந்தன. சில நல்ல வருடங்கள், பிறகு வறட்சி, உறைபனி, முயல் கூட்டம். 1920 வாக்கில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். அதே பகுதியில் ஆடு மேய்க்க வந்த பாஸ்க் இனத்தவர் (ஸ்பெயின்–பிரான்ஸ் எல்லைப் பகுதி மக்கள்) ஸ்டீன்ஸ் மலையின் ஆஸ்பென் மரப்பட்டைகளில் செதுக்கிய பெயர்களும் படங்களும் இன்றும் உண்டு, 1934ஆம் ஆண்டின் மேய்ச்சல் சட்டம் வந்தபின் அவர்களுடைய நாடோடி மேய்ச்சலுக்கு இடமில்லாமல் போனது.

ஆட்கள் நிறைய சேர்ந்த காலம் மரத்தால் வந்தது. 1920களில் வடக்குக் காட்டின் பைன் மரங்களை அரசு பெருமளவில் ஏலம் விட்டபோது, ஆலையும் ரயிலும் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. ஹைன்ஸ் மர நிறுவனம் 1930இல் பர்ன்ஸுக்குப் பக்கத்தில் பெரிய ஆலையைத் திறந்து, அதையொட்டி ஹைன்ஸ் என்றே ஒரு ஊரும் எழும்பியது. இரண்டு தலைமுறைக்கு அங்கே மாதச் சம்பள வேலை என்றால் அதுதான். 1980களில் வட்டி விகிதம் ஏறி, வீடு கட்டும் தொழில் கவிழ்ந்து ஆலை கைமாறியது, ஆட்குறைப்பு, காட்டில் வெட்டும் அளவுக்கும் கட்டுப்பாடு. 1980இல் 8,314 ஆக இருந்த மக்கள்தொகை 1990இல் 7,060 ஆனது. 2020இல் 7,495. இதில் பர்ன்ஸ் 2,730, ஹைன்ஸ் 1,645. இந்த ஒட்டிய இரண்டு ஊரைக் கழித்தால், மிச்சமிருக்கும் நிலம் முழுவதிலும் சுமார் 3,100 பேர்.

சரி, அவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? நிலத்தில் சுமார் முக்கால் பங்கு மத்திய அரசுடையது, அதில் பெரும்பகுதி பி.எல்.எம். என்று எல்லோரும் சொல்லும் நில மேலாண்மைத் துறையின் கையில். பண்ணைக் குடும்பத்துக்குச் சொந்தமாக இருப்பது ஆற்றோரப் புல்வெளியும் தண்ணீர் உரிமையும். அரசு நிலத்தில் மேய்க்க அனுமதிச் சீட்டு, அது அந்தப் பண்ணையோடு ஒட்டியே போகும், பண்ணையை விற்றால் சீட்டும் வழக்கமாக வாங்கியவருக்குப் போகும். கட்டணம் ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் தின்னும் புல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு, 2019 முதல் 2025 வரை அதன் குறைந்தபட்ச அளவான 1.35 டாலராகவே இருந்தது. கட்டணம் குறைவு என்று நகரத்தில் சொல்வார்கள். வேலி, தண்ணீர்த் தொட்டி, மாட்டைத் தேடி அலையும் பெட்ரோல் செலவு எங்கள் தலையில்தானே என்று பண்ணைக்காரர்கள் சொல்வார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. வருடச் சுழற்சி இப்படி: குளிர்காலத்தில் மாடுகள் வீட்டுப் புல்வெளியில் நின்று உலர்த்திய புல்லைத் தின்னும், பனி உருகியதும் கன்றுகளுக்குச் சூடு போட்டுத் தாழ்வான அரசு நிலத்துக்கு ஓட்டுவார்கள், கோடையில் மலைக்கு, இலையுதிர்காலத்தில் இறக்கி வந்து கன்றுகளை லாரியில் ஏற்றி விற்பார்கள். அவை இறங்கி வருவதற்குள் ஜூலை, ஆகஸ்டில் அடுத்த குளிர்காலத்துக்கான புல்லை அறுத்து முடித்திருக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் குடும்பம் ஆடிவிடும். 2012இல் ஃபிரெஞ்ச்க்ளென் என்ற ஊர்ப் பக்கம் மில்லர் ஹோம்ஸ்டெட் என்று பெயரிட்ட காட்டுத்தீ ஒன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தபோது மேய்ச்சல் நிலமே இல்லாமல் நின்ற குடும்பங்கள் உண்டு. ஆசியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வந்து பரவிய சீட்கிராஸ் என்ற ஓராண்டுப் புல் கோடை தொடங்கும்போதே காய்ந்து தீக்கு விருந்தாகிறது, எரிந்த இடத்தில் சேஜ்பிரஷ் வருவதற்குள் அதுவே மறுபடி முளைக்கிறது.

தூரம்தான் அன்றாட வாழ்க்கையின் பெரிய விஷயம். பர்ன்ஸிலிருந்து பெரிய கடைகள் உள்ள பெண்ட் நகரம் 210 கிலோமீட்டர். தெற்கு ஓரத்து ஃபீல்ட்ஸ் என்ற சிற்றூரிலிருந்து பர்ன்ஸுக்கே கிட்டத்தட்ட 180 கிலோமீட்டர். சிறு பிள்ளைகளுக்கு ஃபீல்ட்ஸ், டயமண்ட், ஃபிரெஞ்ச்க்ளென் மாதிரி ஊர்களில் ஒன்றிரண்டு அறை கொண்ட பள்ளிகள், எல்லா வகுப்பும் ஒன்றாக. உயர்நிலைக்கு கிரேன் என்ற ஊரில் அரசுப் பள்ளியோடு விடுதியும் இருக்கிறது. பிள்ளைகள் வாரத்தில் நான்கு நாள் அங்கே தங்கிப் படித்துவிட்டு வியாழன் சாயங்காலம் வீட்டுக்குப் போவார்கள். அமெரிக்காவில் அரசுப் பள்ளி விடுதி மிக அபூர்வம். மருத்துவமனை பர்ன்ஸில் ஒன்று, சிறியது. பெரிய விபத்து, மாரடைப்பு என்றால் ஹெலிகாப்டரோ சிறு விமானமோதான். வழியில் வண்டி நின்றுபோனால் அடுத்து வருபவர் நிறுத்தாமல் போகமாட்டார், எதிரே வரும் ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்டியரிங்கிலிருந்து விரலைத் தூக்கி வணக்கம் சொல்வார்கள். இது வெறும் மரியாதை இல்லை, யார் எந்தச் சாலையில் போனார் என்பது ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

2016ஐப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது, வெளியுலகம் ஹார்னியை அறிந்ததே அதனால்தான். உள்ளூர்ப் பண்ணைக்காரர் இருவர், தந்தையும் மகனும், அரசு நிலத்தில் தீ வைத்த வழக்கில் மறுபடி சிறைக்குப் போகவேண்டி வந்தது. அதற்கு எதிராக ஜனவரி 2ஆம் தேதி ஊர்வலம். அதிலிருந்து பிரிந்து, அம்மன் பண்டி என்பவர் தலைமையில் துப்பாக்கி ஏந்திய ஒரு குழு சரணாலய அலுவலகத்தைப் பிடித்து, 41 நாள் வைத்திருந்தது. அவர்களில் லவாய் ஃபினிகம் 26ஆம் தேதி மாநிலப் போலீசாரால் சுடப்பட்டு இறந்தார். தந்தை மகன் இருவருக்கும் 2018இல் ஜனாதிபதி மன்னிப்பு கிடைத்தது. அலுவலகத்தைப் பிடித்தவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள் என்பது உறுதி. ஊரில் அவர்களுக்கு ஆதரவே இல்லை என்று சொல்வது மிகை. அரசு நில நிர்வாகத்தின் மேல் ஆழமான மனக்குறை உள்ளவர்கள் நிறைய, அண்ணன் தம்பிகளுக்குள் பேச்சு நின்ற வீடுகளும் உண்டு. ஆனால் 2013லேயே பண்ணைக்காரர்கள், பையூட் இனம், சுற்றுச்சூழல் அமைப்புகள், அரசு அதிகாரிகள் எல்லோரும் வருடக்கணக்கில் உட்கார்ந்து பேசி அதே சரணாலயத்துக்கு ஒரு நீண்டகாலத் திட்டத்தை ஒத்துப்போய் முடித்திருந்தார்கள். துப்பாக்கிக்குக் கிடைத்த கேமராக்களில் ஒன்றுகூட அந்த வேலைக்குக் கிடைக்கவில்லை, எனக்கு இன்றுவரை அதில் வருத்தம் உண்டு.

இப்போது நான் நன்றாக அறிந்த விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் கடைசிக் கேள்விக்கும் பதில் இதில்தான். ஆற்றுத் தண்ணீரின் உரிமைகள் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பங்கு போடப்பட்டுவிட்டன. ஓரிகனில் யார் முதலில் எடுத்தாரோ அவருக்கே முதல் உரிமை, வறட்சி வந்தால் பிந்தியவர் வாய்க்காலை அடைக்க வேண்டும். மிச்சமிருந்தது நிலத்தடி நீர். ஆழமான கிணறு போட்டு, சுழலும் சென்டர் பிவட் குழாயில் குதிரைமசால் வளர்ப்பது 1990களுக்குப் பிறகு வேகமாகப் பரவியது. விமானத்திலிருந்து பார்த்தால் தெரியும் பச்சை வட்டங்கள் அவைதான். அனுமதிகளை மாநிலம் கொடுத்துக்கொண்டே போனது, பிறகு கிணறுகள் இறங்கத் தொடங்கின, 2016இல் புதிய பாசன அனுமதிகளை நிறுத்தினார்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனமும் மாநில நீர்வளத் துறையும் சேர்ந்து செய்து 2022இல் வெளியிட்ட ஆய்வு, தாழ்நிலத்தில் ஊறிச் சேர்வதைவிட வெளியேறுவது வருடத்துக்கு ஒரு லட்சம் ஏக்கர்-அடிக்கு மேல் அதிகம் என்று காட்டியது. ஒரு ஏக்கர்-அடி என்பது சுமார் 12 லட்சம் லிட்டர். சில இடங்களில் மட்டம் நூறு அடிக்கு மேல் இறங்கியிருக்கிறது. தாழ்நிலத்தில் இறைக்கும் தண்ணீரில் பெரும்பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், பனியுக காலத்தை ஒட்டிப் பெய்தது. அது திரும்ப ஊற நம் ஆயுள் போதாது.

இதில் எது உறுதி, எது இன்னும் விவாதம் என்று பிரித்துச் சொல்கிறேன். அதிகமாக எடுக்கிறோம் என்பதில் சந்தேகமில்லை, தனித்தனி அளவீடுகள் எல்லாம் அதையே சொல்கின்றன. எந்தப் பகுதியில் எவ்வளவு குறைத்தால் மட்டம் எத்தனை வருடத்தில் நிலைக்கும் என்பது கணிப்பு, அதில் பிழை வரம்பு பெரியது, ஏனென்றால் அடியில் இருப்பது ஒரே சீரான மணல் இல்லை. எரிமலைப் பாறை, சாம்பல், ஏரிக் களிமண் என்று அடுக்கடுக்காகக் கலைந்து கிடக்கிறது, பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளே வேறு மாதிரி நடந்துகொள்ளும். கிணற்று நீர் குறைவதால் சரணாலயத்தின் ஊற்றுகள் எவ்வளவு வேகமாகப் பாதிக்கப்படும் என்பதிலும் வல்லுநர்களுக்குள் ஒரே கருத்து இல்லை. ஆனால் கணிப்பு தெளிவாகும்வரை எதையும் குறைக்க வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வீட்டுக் கிணறு வற்றிப்போய்த் தண்ணீரை வண்டியில் கொண்டுவருபவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அதே சமயம், அரசு கொடுத்த அனுமதியை நம்பிக் கடன் வாங்கிப் பிவட் போட்ட குடும்பத்திடம் நாளைக் காலை மூடு என்பதும் அநியாயம். குறைப்பைப் படிப்படியாகச் செய்து, அதற்கு ஈடும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆக, இணையத்தில் பார்க்கும் ஐந்து, பத்து, இருபது ஏக்கர் மனைகள் பெரும்பாலும் தண்ணீர் உரிமை இல்லாத சேஜ்பிரஷ் நிலம். சிலவற்றுக்குச் சட்டப்படியான பாதைகூட இருக்காது, மின்கம்பம் பல கிலோமீட்டர் தள்ளி நிற்கும். ஓரிகன் சட்டத்தில் அனுமதி வாங்காமலே வீட்டு உபயோகத்துக்குக் கிணறு போடலாம், நாளுக்கு 15,000 கேலன் வரையும், அரை ஏக்கர் வரை தோட்டத்துக்கும், மாட்டுக்குக் குடிக்கவும். விற்கும் நோக்கில் பயிர் செய்ய அது உதவாது. அந்தக் கிணறும் பல இடங்களில் நூற்றுக்கணக்கான அடி ஆழம், துளையிடும் செலவு நிலத்தின் விலையைத் தாண்டிவிடும். வாங்கும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால் விற்பவரிடம் தண்ணீர் உரிமைச் சான்றின் எண்ணையும் அதன் முன்னுரிமைத் தேதியையும் கேளுங்கள், பிறகு மாநில நீர்வளத் துறையின் பொதுத் தளத்தில் அதே பகுதியின் கிணற்றுப் பதிவுகளை எடுத்து, தோண்டியபோது மட்டம் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். எண் இல்லை என்று பதில் வந்தால் பாசனம் கிடையாது என்று அர்த்தம். நிலத்தைப் பார்க்க நேரில் போவதானால் ஏப்ரலில் ஒரு தடவை, ஆகஸ்டில் ஒரு தடவை போங்கள். ஏப்ரலில் மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம்.